ஆஸ்திரேலியத் தொலைபேசிச் சந்தையும் வில்லாவுட் முகாமும்

ஆஸ்திரேலியாவின் தொலைபேசித் துறை முழுமையான போட்டிக்குத் திறந்துவிடப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. கட்டணங்கள் பெருமளவு குறைந்துள்ளன. ஆனால் சிட்னியின் மேற்குப் புறநகரான வில்லாவுட்டில் உள்ள குடிவரவுத் தடுப்பு முகாமில், தொலைபேசி என்பது விலையை விட அனுமதி சம்பந்தப்பட்ட விடயமாகவே இருந்துவருகிறது. இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி வந்த தமிழர்களும் அங்கு தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1990களின் தொடக்கம் வரை உள்நாட்டு அழைப்புகள் டெலிகாம் ஆஸ்திரேலியாவிடமும், வெளிநாட்டு அழைப்புகள் ஓடிசி என்ற மற்றொரு அரச நிறுவனத்திடமும் இருந்தன. 1991இல் ஆப்டஸ் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. அரச நிறுவனங்கள் இரண்டும் 1992இல் இணைக்கப்பட்டுப் பின்னர் டெல்ஸ்ட்ரா எனப் பெயர் பெற்றன. 1997 ஜூலை முதல் பிற நிறுவனங்களும் தடையின்றி நுழைய வழி பிறந்தது. டெல்ஸ்ட்ராவும் 1997, 1999, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக விற்கப்பட்டது.

தமிழ் மளிகைக் கடைகளில் தொலைபேசி அட்டைகள் குவிந்தது இதன் விளைவே. எனினும் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பேசுவதற்கான கட்டணம் சிட்னியில் மட்டும் தீர்மானிக்கப்படுவதல்ல. அழைப்பை ஏற்று இணைத்துக் கொடுக்கும் மறுமுனை நிறுவனத்துக்கும் பணம் செலுத்த வேண்டும். அங்கு வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் ஏகபோகம் 2002 ஆகஸ்டில்தான் முடிவுக்கு வந்தது. அட்டை வியாபாரமும் நேர்மையாக நடந்ததென்று கூற முடியாது. விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களை மறைமுகக் கட்டணங்கள் விழுங்கிவிட, ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் சில நிறுவனங்களுக்கு எதிராக நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. ஆயினும் அந்த அட்டைகளைக் கடைகளிலிருந்து அகற்றியது ஆணையமல்ல, கைப்பேசி வழி இணைய அழைப்புகள்தான்.

அதே கைப்பேசி வில்லாவுட்டில் சர்ச்சைக்குரிய பொருளானது. படகில் வந்தவர்கள் அதை வைத்திருக்க முன்பே தடை இருந்தது. 2017இல் தடுப்பிலுள்ள அனைவருக்கும் அத்தடையை விரிவுபடுத்த அரசு முயன்றது. குடிவரவுச் சட்டம் அத்தகைய ஒட்டுமொத்தத் தடைக்கு அதிகாரம் அளிக்கவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. 2020இல் வந்த மசோதா செனட் அவையில் போதிய ஆதரவின்றி நின்றுபோனது. அன்று எதிர்க்கட்சியாக அதை எதிர்த்த தொழிற்கட்சியே, ஆட்சிக்கு வந்தபின், தடைசெய்யப்படும் பொருட்களை அமைச்சர் தீர்மானிக்க வழிசெய்யும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றியது.

போதைப்பொருள் கடத்தல் உள்ளிட்ட குற்றங்களுக்குக் கைப்பேசிகள் பயன்படுவதாக அரசு கூறுகிறது. இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆனால் பலர் பகிர்ந்துகொள்ளும் தொலைபேசியில், சித்திரவதை பற்றி வழக்கறிஞரிடம் மனம்விட்டுப் பேசுவது எளிதல்ல. தஞ்சக் கோரிக்கைக்கு ஆதாரமான ஆவணங்களின் படங்கள் ஊரிலிருந்து வந்து சேருவதும் இன்று கைப்பேசி வழியாகத்தான்.