ஏற்காட்டில் உடைந்த முட்டை

நாமக்கல் வட்டாரத்தில் முட்டை வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் சென்ற ஆண்டு தன் பணியாளர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பாதிப்பேர் தலைசுற்றித் தெளிந்த பிறகு, ஒரு விடுதியின் புல்தரையில் அவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முட்டை, கொஞ்சம் பழைய செய்தித்தாள், சில உறிஞ்சுகுழல்கள், ஒரு சுருள் ஒட்டுநாடா. மாடியிலிருந்து கீழே போட்டாலும் உடையாதபடி முட்டைக்கு ஒரு கூடு செய்ய வேண்டும். இது உலகமெங்கும் அலுவலகங்களில் ஆடப்படும் ஆட்டம்தான். படைப்பூக்கத்தையும் கூட்டுணர்வையும் வளர்ப்பது என்று பயிற்றுநர் விளக்கியிருக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் இருபது வருடங்களுக்கும் மேலாக லாரியில் முட்டை ஏற்றும் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, “ஏனுங்க சார், டிரேயிலயே வெச்சு எறக்குனா ஒடையாதுங்களே?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநரும் சிரித்தார். டிரே விதிமுறையில் இல்லை. அவருடைய குழுவின் முட்டை உடைந்தது. பரிசு கணக்குப் பிரிவுக்குப் போயிற்று.

கேட்டவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை. 30 குழிகள் கொண்ட அந்தக் காகிதக்கூழ் டிரே, முட்டை உடையாமல் பயணம் செய்வது எப்படி என்ற கேள்விக்கு விடையாகவே உருவானது. ஒரு டிரேயின் மேல் அடுத்ததைத் திசை திருப்பி வைத்தால்தான் பாரம் முட்டையின் மேல் இறங்காமல் குழிமேடுகளில் தங்கும். இதைக் கண்மூடிக்கொண்டு செய்யக்கூடிய மனிதரிடம் உறிஞ்சுகுழலைக் கொடுத்து, உனக்கு இப்போது முட்டையைக் காக்கக் கற்றுத் தருகிறோம் என்று சொல்வதில் இருக்கும் அவமதிப்பு அங்கே யாருக்கும் உறைக்கவில்லை என்பதே எங்களை உறுத்துகிறது.

எங்கள் வாசக நண்பர்களில் ஒருவர் அந்த நிறுவனத்தில் பணிபுரிகிறார். இந்த ஆண்டுக்கான ‘டீம் பில்டிங்’ ஆட்டங்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, பயிற்சி நிறுவனம் அனுப்பிய பட்டியலை எங்களிடம் காட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியர் சொல் கேட்டு நடப்பது, பின்பக்கமாகச் சாய்ந்து மற்றவர் கைகளில் விழுவது, கயிறு இழுத்தல், பலூன், புதையல் தேடுதல். ஆளுக்கு இவ்வளவு என்று விலையும் போட்டிருந்தது. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் தரும் பட்டியலைப் போலவே இருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவர் கேட்டார். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். ஆனால் அதைச் சும்மா சொல்லிவிட முடியாது அல்லவா?

முதலில் ‘குழு’ என்பது யார்? சென்ற ஆண்டு பேருந்தில் இடம் கிடைத்தது நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும். ஒப்பந்தத்தில் சுமை ஏற்றுபவர்களும் முட்டை பொறுக்கும் பெண்களும் கீழேயே இருந்தார்கள். மேலே நம்பிக்கையைப் பற்றிய உரை நடந்துகொண்டிருந்தபோது, குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அன்றைய லாரிகளை அவர்கள்தான் ஏற்றி அனுப்பினார்கள். போய் வந்தவர்களுக்கும் அது விடுமுறை இல்லை; அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து ஈடுகட்டினார்கள். சாய்ந்து விழுபவரைத் தாங்கிப் பிடிப்பது பற்றி நிறுவனம் அன்று நிறையப் பேசியிருக்கிறது.

இரண்டாவது, அங்கே இருக்கும் பிணக்கு எது? நண்பர் சொன்னதைக் கேட்டால் அது மனநிலை சார்ந்த விஷயமே அல்ல. உடைசல்தான் பிணக்கு. கடைக்குப் போய் இறங்கும்போது சில முட்டைகள் உடைந்திருக்கின்றன. பண்ணையிலேயே விரிசல் விட்டுத்தான் வந்தது என்கிறார் ஏற்றியவர். ஏற்றும்போது போட்டிருப்பார்கள் என்கிறார்கள் பண்ணையில். ரோட்டைப் பாருங்க என்கிறார் ஓட்டுநர். யாரிடம் உடைந்தது என்று ஒருநாளும் தீர்மானமாவதில்லை, ஆனால் யார் கணக்கில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தீர்மானமாகிவிடுகிறது. அது எப்போதும் மிகவும் கீழே இருப்பவரின் கணக்கு. இந்த மூன்று பேரும் கைகோத்துப் பலூன் ஊதினால் இது சரியாகிவிடும் என்று நம்புவதற்கு எங்களுக்குப் போதிய வெகுளித்தனம் இல்லை.

எங்கள் கட்சிக்கு ஆய்வுலகத்திலும் சாட்சியம் உண்டு. குழு ஒருங்கிணைப்புப் பயிற்சிகளைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து எடுவர்டோ சலாஸும் சகாக்களும் 1999-இல் எழுதிய கட்டுரை, மொத்தத்தில் இவை வேலைத்திறனைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை என்றது. 2009-இல் கேமரன் கிளைன், சலாஸ் முதலியோர் செய்த விரிந்த தொகுப்பு சற்றுத் தாராளமானது. பலன் உண்டு என்றே அது முடிவு செய்கிறது. ஆனால் எதில் பலன் அதிகம் என்று பாருங்கள்: இலக்கை வகுத்துக்கொள்வதிலும், யாருடைய பொறுப்பு எது என்று தெளிவுபடுத்திக்கொள்வதிலும். அதாவது உடைசல் யாருடையது என்று உட்கார்ந்து பேசுவதில். அதற்கு மலையேற வேண்டியதில்லை, முட்டைக் கிடங்கின் திண்ணை போதும்.

இந்தப் பயிற்சிக்காரர்கள் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடுவது எல்டன் மேயோவை. சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளிலிருந்து, தொழிலாளியிடம் கவனமும் பரிவும் காட்டினால் உற்பத்தி உயரும் என்ற பாடம் எடுக்கப்பட்டது. அதில் ஒரு சிறு அறையில் பெண்கள் சிலரை வைத்து 1927-இல் தொடங்கிய சோதனையே மிகவும் புகழ்பெற்றது. பாடநூல்கள் அவசரமாகக் கடந்துபோகும் இரண்டு செய்திகள் அதில் இருக்கின்றன. அந்தப் பெண்களின் கூலி, பெரிய பிரிவின் உற்பத்தியோடு அல்லாமல் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு மட்டும் இணைக்கப்பட்டது. உழைப்பின் பலன் நேரே அவர்கள் கைக்கு வந்தது. இன்னொன்று, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்கள் 1928 தொடக்கத்தில் அறையிலிருந்து நீக்கப்பட்டு, வேறு இருவர் கொண்டுவரப்பட்டனர். ஒத்துழைப்பின் ஆதி இதிகாசத்திலேயே கேள்வி கேட்டவர்களுக்கு இடம் இருக்கவில்லை. அந்த லோடுமேனைப் பார்த்துச் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்களே, அதுவரை நல்லது.

கூட்டாக வேலை செய்வதென்றால் என்னவென்று இந்தச் சமவெளிக்குத் தெரியாதா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மாதக்கணக்கில் சுற்றி ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள். 20 அடிக் குழாய்களாக இறக்கிக்கொண்டே போய் 1000 அடி துளைத்தால், 50 குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாக வேண்டும். கம்ப்ரசரின் இரைச்சலில் சொல் கேட்காது; கையசைவும் கண்ணும்தான் மொழி. திருச்செங்கோட்டுக்காரரோடு இன்று ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த இளைஞர்களும் அதே புழுதியில் நிற்கிறார்கள். ஒருவர் கவனம் பிசகினால் இன்னொருவர் விரல் போகும். பின்பக்கமாகச் சாய்ந்து விழும் ஆட்டத்தை இவர்களிடம் நடத்திக் காட்டுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஆனால் இதை ஒரு பொற்காலச் சித்திரமாக வரைய நாங்கள் விரும்பவில்லை. உழைக்கும் இடத்துத் தோழமை பெரும்பாலும் வறுமையின் நெருக்கத்தில் பிறப்பது. திரையரங்கில் சோடா விற்கும் பையன்களைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ (1993) படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவிலும்கூட வாசலில் நின்றுபோனவர்கள் உண்டு. வணிகர்களின் பிடியிலிருந்து விடுபட, ஒருவரோடொருவர் போட்டியிட்ட சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-இல் ஒன்றுசேர்ந்து சேகோசர்வை அமைத்தது எந்த மேலாண்மை நூலும் பெருமைப்படக்கூடிய காரியம். அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். மரவள்ளி பயிரிட்டவரும் கிழங்கின் தோலுரித்த பெண்ணும் அல்ல.

ஆகவே யார் குழுவில் இருக்கிறார்கள் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது அதுவும் ஒரு வேலைத்தலம்தான். கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கினார்கள், கதர் நெய்தார்கள், பின்னாளில் கல்கியின் துணையோடு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையையும் நடத்தினார்கள். ஆனால் முதல் வேலையாக, தாழ்த்தப்பட்டவர் எனப்பட்டவர்களையும் உள்ளே சேர்த்து எல்லோரும் சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்தார்கள். ஊரில் எதிர்ப்பு எழுந்தது. இடம் கொடுத்த ரத்தினசபாபதிக் கவுண்டர் பின்வாங்கவில்லை. (அதே ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நாங்கள் மறந்துவிடவில்லை, அது வேறு கணக்கு.) சேர்ந்து உண்பதற்கு அன்று ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தார்கள். ஏற்காட்டு விடுதியில் மேலாளர்களுக்குத் தனி மேசை போட்டிருந்ததாக நண்பர் சொன்னார்.

விளையாடுவதே தவறா என்று கேட்பார்கள். இல்லை. வருடத்தில் ஒருநாள் மலைக்குப் போய்க் குளிர்ந்த காற்றில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரட்டும், கூலியோடு, குடும்பத்தோடு. அதைச் சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பயிற்சி என்று பெயரிட்டு, முடிவில் ‘இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டு, அவர்கள் ‘ஒற்றுமை’ என்று ஒப்பிக்கும்வரை விடாமல் இருப்பதைத்தான் எங்களால் சகிக்க முடியவில்லை. வளர்ந்த மனிதர்களை ஒரு நாள் முழுக்க ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க எந்தச் சம்பளப் பட்டியலும் யாருக்கும் உரிமை தருவதில்லை.

நண்பர் பட்டியலில் எதையும் குறிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு தாளும். பண்ணை, கிடங்கு, லாரி மூன்றிலிருந்தும் ஆட்களை, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஒருநாள் கூலியோடு உட்கார வைக்க வேண்டும். ஒரு லோடு முட்டையைப் பண்ணையிலிருந்து கடைவரை எல்லோரும் சேர்ந்தே பின்தொடர்ந்து, எங்கே உடைகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை கைக்கு வரும்வரை உடைசலுக்காக யாரிடமும் பிடித்தம் கூடாது. இவ்வளவுதான் எழுதியிருந்தது. பதில் இன்னும் வரவில்லை. பேருந்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று மட்டும் கேள்விப்பட்டோம்.