புரதமும் ஜிங்க்கும் ஜோடி... கோதுமை விலையில் மட்டும் அது ஏன் தெரிவதில்லை?

ஆட்டா பாக்கெட்டில் 'ப்ளஸ் எஃப்' முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச்சத்து போன்றவற்றை மில்லில் கலந்த மாவு அது. நல்லதுதான். ஆனால் அந்த மாவில் புரதம் முன்பு எவ்வளவோ, இப்பவும் அவ்ளோதான்.

வயலிலேயே சத்தேற்றினால் கதை வேறு. கோதுமை மணியில் ஜிங்க், அதாவது துத்தநாகம், பெரும்பாலும் புரதம் செறிந்த பகுதிகளில்தான் தங்குகிறது: முளைக்கருவிலும், தவிட்டை ஒட்டிய அடுக்கிலும். மைதாவுக்காகச் சலிக்கும்போது முதலில் போவதும் அதுதான்!

இந்த ஜோடிக்கு வலுவான ஆதாரம் 2006-ல் கிடைத்தது. காட்டு எம்மர் கோதுமையின் 'ஜிபிசி-பி1' மரபணுவை அமெரிக்க, இஸ்ரேல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். இலைகளைச் சீக்கிரம் பழுக்க வைப்பது இதன் வேலை. இலை பழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன், ஜிங்க், இரும்பு எல்லாம் மணிக்குள் இறங்கும். இந்த மரபணுக் குடும்பத்தின் செயல்பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் இலை பச்சையாகவே நின்றது. மணியில் புரதம், ஜிங்க், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. இன்று பயிராகும் பெரும்பாலான ரகங்களில் 'ஜிபிசி-பி1' செயல்படுவதே இல்லை.

மரபணு ஒருபக்கம் இருக்கட்டும், உரத்திலும் இதே கதைதான். துருக்கியில் இஸ்மாயில் சக்மாக் குழுவினரின் ஆய்வுகளில், போதுமான ஜிங்க்கோடு நைட்ரஜனும் கிடைத்த பயிரில்தான் மணியின் ஜிங்க் நன்றாக ஏறியது. ஜிங்க் இல்லாத மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால் இந்தப் பலன் வராது.

இந்தியாவிலும் ரகங்கள் இருக்கின்றன. 2017-ல் வந்த 'டபிள்யூ.பி. 02' கோதுமையில் கிலோவுக்கு 42 மில்லிகிராம் ஜிங்க். வழக்கமான ரகங்களில் 30 முதல் 32 வரைதான்.

சரி, இதை விளைவிக்கிற விவசாயிக்கு என்ன கிடைக்கும்? 2025-26 பருவத்தில் கோதுமையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாயாக இருந்தது. சத்து கூடினாலும் அதே விலைதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம், தூசு, உடைந்த மணி எல்லாம் பார்க்கிறார்கள். புரதத்தைப் பார்ப்பதில்லை. பொதுவாக விளைச்சல் ஏறினால் புரத சதவீதம் இறங்கும். எடைக்கு மட்டும் காசு என்றால் எந்த விவசாயி சத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பார்?

ஆஸ்திரேலியாவில் புரதத்தை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். 13 சதவீதம் இருந்தால் 'பிரைம் ஹார்டு' தரத்துக்குப் போகலாம். அளக்கும் கருவிக்குச் சில நிமிடங்கள் போதும். பஞ்சாப், ஹரியானா மண்டிகளில் அந்தக் கருவியை வைத்து, புரதத்துக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்க்கலாம். ஜிங்க் ரகங்களை விதைக்க விவசாயிக்கு அப்போதாவது ஒரு காரணம் இருக்கும்.