கதவு திறந்து கிடந்தால் யார் சொல்வார்கள்?

பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் கோளாறு என்று பேப்பரில் வந்தால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்பார் எங்க வீட்டுக்காரர். குழந்தைகளின் போட்டோவிலிருந்து பாங்க் கணக்கு வரை பாஸ்வேர்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோமே, நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

அரிசியை மாவாக அரைத்த பிறகு மறுபடி அரிசியாக்க முடியாதல்லவா? பாஸ்வேர்டையும் அப்படி உருமாற்றித்தான் கம்பெனிகள் வைக்க வேண்டும். ஆனால் ஃபேஸ்புக்கின் உள்பதிவேடுகளில் கோடிக்கணக்கானவர்களின் பாஸ்வேர்டு அரைக்காத அரிசியாகவே கிடந்தது. 2019 மார்ச் 21-ல் இதை வெளியே கொண்டு வந்தவர் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்க நிருபர். 20 கோடியிலிருந்து 60 கோடிப் பேர் வரை, 20,000 ஊழியர்களுக்கு மேல் பார்க்கக்கூடிய இடத்தில், சில 2012 முதலே என்று கணக்கோடு எழுதினார்.

கம்பெனியும் அன்றே ஒப்புக்கொண்டது. ஜனவரியிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்து விட்டதாகவும், யாரும் தவறாகப் பயன்படுத்திய தடயம் இல்லை என்றும் சொன்னது. தடயம் இல்லை என்பதும், திருடன் வரவே இல்லை என்பதும் ஒன்றா, சொல்லுங்கள்!

கதை அதோடு முடியவில்லை. இன்ஸ்டாகிராமில் பாதிக்கப்பட்டவர்கள் சில பத்தாயிரம் பேர் என்று முதலில் சொன்னார்கள். ஏப்ரல் 18-ல் பழைய அறிக்கையிலேயே அதை லட்சக்கணக்கில் என்று திருத்தினார்கள். அன்று அமெரிக்கா முழுவதும் முல்லர் அறிக்கை பற்றித்தான் பேச்சு. அந்தச் சந்தடியிலும் திருத்தத்தைக் கவனித்து எழுதிய நிருபர்கள் இருந்தார்கள். 2024 செப்டம்பரில் இதே விஷயத்துக்காக அயர்லாந்து அரசின் தகவல் பாதுகாப்பு ஆணையம், தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

ஆகவே சகோதரிகளே, இப்படிச் செய்தி வந்தால் நான்கு விஷயம் தேடிப் பாருங்கள்: எத்தனை பேர்? எப்போதிலிருந்து? யார் யார் பார்த்திருக்கலாம்? நாம் என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்குப் பதில் இருந்தால் நிருபர் உழைத்திருக்கிறார். கம்பெனி சொன்னதை மட்டும் போட்டிருந்தால் அடுத்த வாரமும் அந்தச் செய்தியைத் தேடுங்கள். முதல் நாள் சொல்லும் கணக்கு கடைசிக் கணக்கல்ல.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பீரோவுக்கும் வாசலுக்கும் ஒரே சாவி போடுவோமா? கணக்குக்கு ஒன்றாக வையுங்கள். இரண்டாவது பூட்டாக, போனுக்கு எண் வரும் வசதியையும் போட்டு விடுங்கள். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.