ஜாமீன் கிடைத்தும் திறக்காத கதவு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். அடைபட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் நெருக்கியடித்துப் படுத்தார்கள். புதிய சிறைகள் கட்டினால் தீர்ந்துவிடும் என்றே பலருக்கும் தோன்றும். ஆனால், 2017ஆம் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 44,700 இடங்கள் கூடின. கைதிகள் 1,22,500 பேர் கூடினார்கள். இத்தனைக்கும், தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கை சற்றே குறைந்திருக்கிறது. கூடியதெல்லாம் விசாரணைக் கைதிகள்தான்: 3,08,718 பேராக இருந்தவர்கள் 4,34,302 பேராகிவிட்டார்கள். 2022 இறுதியில் சிறையில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அதுவரை தீர்ப்பளிக்காதவர்கள்.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜாமீன் உத்தரவே கிடைத்துவிட்டது; ஆனாலும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர் வேண்டும், அவரிடம் சொத்துக்கான சான்று வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த கூலித் தொழிலாளி அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவார்? 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதைக் காரணம் காட்டி அவரது பிணையைக் கீழ்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதைத் தவறென்று சொன்ன உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், சொந்த ஜாமீனிலும் விடுவிக்கலாம் என்று வழிகாட்டினார். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க இயலாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதே வாசலில்தான் நிற்கிறோம்.

வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவார்கள், சாட்சிகளை மிரட்டுவார்கள் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், ஜாமீன் கொடுக்கும்போதே நீதிபதி அந்த அபாயத்தை எடைபோட்டுவிடுகிறார். அதற்குப் பிறகும் ஒருவரை உள்ளே வைத்திருப்பது அவருடைய வறுமை மட்டுமே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கவில்லை. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது; மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளரிடமே சட்டம் ஒப்படைத்திருக்கிறது.

பழைய சிறைகளைச் செப்பனிட வேண்டும். மனிதர் வாழத்தக்க இடமாக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், ஏழைகளுக்குச் சொந்த ஜாமீனே வழக்கமாகாதவரை, கட்டுகிற ஒவ்வொரு கட்டடமும் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்களால் நிரம்பும். ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியேறாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மாவட்டமும் மாதந்தோறும் வெளியிடட்டும். நெரிசலைக் குறைக்கும் வேலை அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.