நகை மோடில் வைத்தால் நகை கிடைத்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போன மாதம் என் மோதிரம் தொலைந்து கிடைத்த கதை குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது உங்கள் சாருடைய மோதிரம். அவர் போன பிறகு நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று கிராம்கூடத் தேறாது. விரலுக்குத் தளர்வாக இருந்ததால் நூல் சுற்றிப் போட்டிருந்தேன். கொல்லையில் கீரைப் பாத்தியில் களை பிடுங்கும்போது நூல் நைந்து எங்கோ நழுவிவிட்டது. கிடைத்ததைக் கேள்விப்பட்டு நாலைந்து பேர் போன் செய்து, "டீச்சர், எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?" என்று கேட்டீர்கள். எந்த மிஷின் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எந்த மோடில் வைத்துத் தேட வேண்டும் என்பதில் எனக்கு இப்போது உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. தங்கம் தேடுகிறவர்கள் டிஸ்கிரிமினேஷன் என்ற பொத்தானைத் தொடக்கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே கடற்கரையில் தேடுவதற்காக வாங்கிய மிஷினை ஊருக்கும் கொண்டுவந்திருந்தான். கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டான். நகை மோடில் வைத்தான். குப்பைக்குழிப் பக்கம் போனதுமே மிஷின் ஓயாமல் கத்த ஆரம்பித்தது. தோண்டினால் மாத்திரை அட்டை, மறுபடி தோண்டினால் பாக்குப் பொட்டலத் தாள். பத்தாவது தடவை அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தத் தாளையெல்லாம் கழித்துவிடுகிறேன் டீச்சர்" என்று நாட்ச் என்னும் செட்டிங்கில் அந்த எண்களை அடைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரே அமைதி. இரண்டு மணி நேரத்தில் ஒரு செம்புக் கம்பியும் பித்தளைத் திருகும்தான். "தெருவில் எங்காவது விழுந்திருக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மிஷினை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன்.

இந்த மிஷின் செய்கிற வேலை நம் ஏழாம் வகுப்பு அறிவியலுக்குக் கொஞ்சம் மேல்தான். கீழே இருக்கும் வட்டமான காயில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அவை திருப்பி அனுப்பும் புலத்தை இன்னொரு காயில் கேட்கிறது. பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து ஓர் எண் போடுகிறது. 99 வரை எண் காட்டும் மாடல்களில் இரும்பு கீழே, கனமான செம்பும் வெள்ளியும் மேலே. தங்கம் எங்கே என்றால், நடுவில். அலுமினியத் தாளும் பாட்டில் மூடித் துண்டும் இருக்கிற அதே இடத்தில். மிஷினுக்கு விலை தெரியாது. அது பார்ப்பது உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் விதம், பொருளின் அளவு, கனம், உருவம் மட்டுமே. மெல்லிய தங்க மோதிரமும் மடங்கிய மாத்திரை அட்டையும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே "குப்பை வேண்டாம்" என்று நாம் சொன்னபோது, "மோதிரமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். அதுவும் சொன்னபடி கேட்டது.

சரித்திரத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து வெள்ளை மாளிகைக்கே கொண்டுபோனார். ஆனால் தலைமை மருத்துவர் குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு செய்திருந்தார். அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். போதாக்குறைக்கு மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள். ஜனாதிபதி செப்டம்பரில் இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது.

காலையில் பையனை மறுபடி வரச் சொன்னேன். "குப்பையெல்லாம் நான் தோண்டுகிறேன், நீ காயிலை ஆட்டு" என்றேன். முழு உலோக மோடுக்கு மாற்றினோம். பெரும்பாலும் ஆல் மெட்டல் என்று போட்டிருக்கும். எதையும் ஒதுக்காது. அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ். எங்கள் புதுக்கோட்டைச் செம்மண்ணிலும் செம்புறாங்கல் சரளையிலும் இரும்புச் சத்து அதிகம், மண்ணே உலோகம் மாதிரி பதில் சொல்லும். கடற்கரை மணலுக்கு வைத்திருந்த செட்டிங்கை அவன் மாற்றவே இல்லை. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, பொத்தானை அழுத்திக்கொண்டே காயிலை மேலும் கீழும் நாலைந்து முறை அசைத்ததும் இரைச்சல் பாதி அடங்கியது.

சென்சிடிவிட்டி உச்சத்தில் இருந்தது. அதிகம் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டார் கம்பி மேலே போகிற இடத்தில் அப்படி வைத்தால் வெறும் காற்றுக்கே கத்தும். கத்தல் நிற்கும் வரை இரண்டு மூன்று புள்ளி குறைத்தோம். மோதிர அளவுப் பொருளை ஒரு ஜாண் ஆழத்தில் பிடித்தாலே பெரிய விஷயம், நமக்குத் தேவையோ நாலு விரல்கடைதான். போன் இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டோம்.

கொடிக் கயிற்றைக் கட்டிப் பாத்தியைப் பட்டை பட்டையாகப் பிரித்தேன். காயில் தரையை ஒட்டி, சமமாக, மெதுவாக, முந்தைய வீச்சில் பாதியை மறுபடி மூடிக்கொண்டு போக வேண்டும். அவன் வீட்டு வாசல் கூட்டுவது போல ஓரங்களில் தூக்கித் தூக்கி வீசினான். தலையில் குட்டவில்லை, வயது முப்பதாகிவிட்டதே.

தோண்டியதையெல்லாம் நோட்டில் எழுதினேன். மொத்தம் 43. ஆணி, சைக்கிள் பால்ரஸ் குண்டு, சோடா மூடி, பாதிக்கு மேல் மாத்திரை அட்டைகள். அந்த அட்டைகள் உங்கள் சாருடைய சர்க்கரை மாத்திரைகள். வருஷக்கணக்காகக் குப்பைக்குழியில் போட்டது நானேதான். அந்த எருவைத்தான் கீரைக்குப் போட்டேன். அட்டைகள் 46-லிருந்து 52 வரை எண் காட்டின. நாற்பத்து நாலாவதாக 49 என்று வந்தது. பையன் "இதுவும் அட்டைதான் டீச்சர், விடுங்கள்" என்றான். நான் விடவில்லை. மண்ணாங்கட்டியை உடைத்தால் உள்ளே மோதிரம்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

டிஸ்கிரிமினேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு மைதானத்தில் கனமான வெள்ளிக் காப்பு தொலைந்தால், அதன் எண் மேலே இருக்கும், கீழே இருக்கும் ஆணிகளை அடைத்துவிட்டுத் தேடலாம். தேடுகிற பொருள் மாதிரியே வேறொன்று வீட்டில் இருந்தால் அதை முதலில் காயில் மேல் காட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டின் பெயரை நம்ப வேண்டாம். நாணய மோடு என்பது வெளிநாட்டு நாணயங்களை மனத்தில் வைத்துச் செய்தது. நம்முடைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரும்பு என்று அதையே ஒதுக்கிவிடக்கூடும். மெல்லிய சங்கிலி தொலைந்தவர்களுக்கு நான் அதிக நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்ப்பதால் நீளச் சங்கிலிகூட அதற்குச் சின்னத் துணுக்காகத் தெரியும். அறுந்த மோதிரமும் அப்படித்தான், வட்டம் முழுதாக இருந்தால்தான் நல்ல சத்தம்.

மோதிரம் கிடைத்ததும் பையனுக்குக் கண் வேறு பக்கம் போனது. "டீச்சர், அப்படியே ஊர் மேட்டுப் பக்கம் ஒரு சுற்று?" நம் மாவட்டத்தில் 1898-இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்த கதையை வகுப்பில் சொன்னதே நான்தான், அதனால் பாதிக் குற்றம் என்னுடையது. கூடாது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், பானையும் எலும்பும் மிஷினில் கத்தாது. காசைத் தேடித் தோண்டுகிறவன் அதையெல்லாம் உடைத்துவிட்டுப் போவான். 1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனவருக்கு ரோமானியப் புதையலே கிடைத்தது. அவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதால் தொல்லியலாளர்கள் முழுவதையும் முறையாக எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

பையன் மறுபடி துபாய் போய்விட்டான். மிஷின் அடுத்த விடுமுறை வரை என் வீட்டில்தான். உள்ளூரில் யாருக்காவது ஏதாவது தொலைந்திருந்தால் காலை வெயிலுக்கு முன்னால் வாருங்கள். களைக்கொத்து நீங்கள் கொண்டுவர வேண்டும். நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கிறது.