சாமுராய் விறகு வெட்டினால் என்ன தப்பு?

மக்களே, இந்தத் தடவை பரீட்சைப் புலம்பல் இல்லை. 'லைக் எ டிராகன்: இஷின்!' என்ற விளையாட்டைப் பற்றிய பதிவு. (அந்த ஆச்சரியக்குறி என்னுடையது இல்லை, பெயரிலேயே இருக்கிறது.) 2014-ல் ஜப்பானில் மட்டும் வந்ததை, ஸேகா 2023 பிப்ரவரியில் புதுப்பித்து உலகம் முழுக்க விட்டது. பேச்சு எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே கத்தி சுழற்ற வேண்டும்.

நண்பன் ஒருவன் இதை விளையாடிப் பார்த்துவிட்டு, "வரலாற்றையே கேலிக்கூத்து ஆக்கிட்டாங்கடா" என்றான். அவன் சொல்வதில் பாதி உண்மை. 1860-களின் கியோட்டோ. கதாநாயகன் சாகாமோட்டோ ரியோமா, ஜப்பானியர்கள் தெய்வமாகக் கொண்டாடும் ஆள். இந்த விளையாட்டில் அவர் மதுக்கடையில் உருகி உருகிப் பாடுகிறார், கோழிப் பந்தயத்தில் காசு வைக்கிறார், ஊடோன் கடையில் ஆர்டர் எடுத்துக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்கிறார். ஒரு கையில் வாள், மறு கையில் துப்பாக்கி என்று நடனமாடியபடியே சண்டை போட ஒரு தனி பாணியே உண்டு. ஹருக்கா என்ற பெண்ணின் வீட்டுக் கடனை அடைக்க முள்ளங்கி பயிரிடுகிறார். அப்புறம் விறகு வெட்டுகிறார். நிறைய வெட்டுகிறார்.

நடிகர் தேர்வும் அப்படித்தான். இந்தக் கம்பெனியின் யாகுசா ரவுடிக் கதைகளில் வரும் முகங்களே இங்கே வரலாற்று மனிதர்களாக வருகின்றன. நம் நாடகக் குழுக்கள் நேற்று சமூக நாடகம், இன்று புராணம் என்று அதே ஆட்களுக்குக் கிரீடம் மாட்டி விடுவார்களே, அந்த மாதிரி.

ஆனால் கேலிக்கூத்து என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லப்போனால், சாமுராய் என்றாலே காற்றில் முடி பறக்க, மானம் மரியாதை என்று நின்றுகொண்டே இருக்கும் விளையாட்டுகளைவிட இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கொஞ்சம் காமர்ஸ் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாமுராய்க்குச் சம்பளம் அரிசிக் கணக்கில். அந்த அரிசியைக் காசாக்கித் தர எடோ நகரத்தில் தரகர்கள் இருந்தார்கள். அவர்களே வரப்போகும் அரிசியை அடமானமாக வைத்துக் கடனும் கொடுத்தார்கள். கடன் எவ்வளவு முற்றியது என்றால், 1789-ல் அரசாங்கமே தலையிட்டு அந்தத் தரகர்களிடம் சாமுராய்கள் வாங்கியிருந்த பழைய கடன்களை ரத்து செய்ய வேண்டி வந்தது. மாகாணப் பிரபுக்கள் வேறு "கடனாக எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சம்பளத்தில் வெட்டினார்கள். (திரும்பி வந்த மாதிரிதான்!) இடுப்பில் இரண்டு வாளோடு இருந்த கீழ்மட்ட சாமுராய்கள் பலர் வீட்டில் உட்கார்ந்து குடை செய்து பிழைத்தார்கள்.

இது போதாதென்று 1859-ல் துறைமுகங்கள் வெளிநாட்டாருக்குத் திறந்தன. அப்போது ஜப்பானில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் ஐந்து பங்கு வெள்ளி. வெளியே சுமார் பதினைந்து. வெள்ளியைக் கொண்டுவந்து தங்கமாக மாற்றிக்கொண்டு போனாலே ஏறக்குறைய மூன்று மடங்கு. தங்கம் வெளியே ஓடியது. 1860-ல் அரசு தங்க நாணயத்தையே சிறிதாக்கியது, விலைவாசி எகிறியது. மாதச் சம்பளக்காரன் கதி என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து வாள்காரன் முள்ளங்கி பயிரிட்டால் அது ஜோக்கா, ஆவணப்படமா?

இன்னொன்று. தெருவில் திடீரென்று ஒரு கும்பல் வழியை அடைத்து "ஏ ஜா நாய் கா" என்று ஆடும், ரியோமாவையும் இழுத்துப் போட்டு ஆட வைக்கும். முதல் தடவை பார்த்தபோது நானும் கற்பனை என்றுதான் நினைப்பேன், வரலாற்றுப் புத்தகத்தில் அது இல்லாமல் இருந்தால். 1867-ல் வானத்திலிருந்து கோயில் தாயத்துச் சீட்டுகள் விழுகின்றன என்று பேச்சு கிளம்பி, ஊர் ஊராக மக்கள் வேஷம் கட்டித் தெருவில் இறங்கி இதே வார்த்தையைச் சொல்லி ஆடினார்கள். "அட, அதனாலென்ன!" என்கிற மாதிரி அர்த்தம். ஆட்சி கவிழ்ந்துகொண்டிருந்த வருடம் அது.

சிரிப்பெல்லாம் தெருவோடு சரி. கதைக்குள் வந்தால் விளையாட்டு முகத்தை மாற்றிக்கொள்கிறது. தோசா மாகாணத்தில் சாமுராய்க்குள்ளேயே மேல், கீழ் என்று இரண்டு சாதி மாதிரி. 1600-ம் வருடப் போருக்குப் பிறகு வந்த புதுப் பிரபுவின் ஆட்கள் மேலே, பழைய பிரபுவின் ஆட்களில் பலர் கீழே. உடுப்பதில்கூட வேறு வேறு விதி. ரியோமா பிறந்தது கீழே. மேல்தட்டு ஆட்கள் எளியவர்களை நடத்தும் விதத்தை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள், அங்கே ஒரு ஜோக்கும் கிடையாது. எதற்காக இந்த ஆள் இவ்வளவு தூரம் போகிறான் என்பது அந்தக் காட்சிகளில்தான் புரிகிறது.

பெரிய பொய்யும் உண்டு. ரியோமா வேறு பெயரில், சைதோ ஹாஜிமே என்ற பெயரில், ஷின்செங்குமி படையில் சேர்கிறார். நிஜத்தில் சைதோ தனி ஆள், 1915 வரை உயிரோடு இருந்தவர். அதைவிட வேடிக்கை, 1867-ல் ரியோமா கியோட்டோவில் கொல்லப்பட்டபோது முதலில் சந்தேகம் விழுந்ததே அந்தப் படை மேல்தான்! (பின்னால் வேறொரு படையைச் சேர்ந்தவர் ஒப்புக்கொண்டார்.) ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் படையின் தலைவர்கள் கொண்டோவும் ஹிஜிகாதாவும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். எதிரெதிர் அணியில் நின்ற இவர்களும் ரியோமாவும் ஒரே ஏணியின் கீழ்ப்படியிலிருந்து வந்தவர்கள். இந்த ஒரு பொய்யால் அவர்களை ஒரே வீட்டில் உட்காரவைத்துப் பேசவிட முடிந்தது. நேர்மையான பாடப்புத்தகத்தால் அது முடியாது.

குறை இல்லாமல் இல்லை. சண்டையில் படைவீரர் அட்டைகள் என்று ஒன்று. பொத்தானை அழுத்தினால் மந்திரம் போட்ட மாதிரி எதிரிகள் பறக்கிறார்கள், நமக்குக் காயம் ஆறுகிறது. வாளுக்கு என்ன வேலை அப்புறம்? முதல் பதிப்பில் தனிக் குகைச் சண்டைகளோடு நின்றதை 2023-ல் எல்லாச் சண்டைக்கும் நீட்டிவிட்டார்கள். நான் அணைத்து வைத்த மாதிரியேதான் விளையாடுகிறேன்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. வியாபாரி ரியோமா இதில் அனேகமாக இல்லவே இல்லை. அவர் குடும்பத்தின் வேரே சாராயம் காய்ச்சி, அடகுக்கடை நடத்திய வணிகக் குடும்பம். சாமுராய் அந்தஸ்தே பிறகு வந்தது. 1865-ல் நாகசாகியில் கப்பல் நிறுவனம் தொடங்கியவர். 1867-ல் இரோஹா மாரு என்ற கப்பல், பெரிய கீ மாகாணத்தின் கப்பலோடு மோதி மூழ்கியபோது, வாளை உருவாமல் சர்வதேசச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து வாதாடினார். 83,526 ரியோ நஷ்டஈடு என்று முடிவாகி, கடைசியில் 70,000 ரியோவுக்கு இறங்கியது. கப்பலில் துப்பாக்கிகள் இருந்தன என்று கணக்குக் காட்டியிருந்தார். பின்னாளில் கடலுக்கடியில் ஆராய்ந்தவர்களுக்குத் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை!

இப்படி ஒரு காட்சி கையில் இருக்க, கோழிப் பந்தயத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 70,000 ரியோவை விறகு வெட்டியே சம்பாதிப்பதென்றால் எத்தனை நாள் என்று ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் விட்டுவிட்டு, முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.