கைக்கேற்ற கன்ட்ரோலர்

வீடியோ கேம் என்றதும் பெரியோர் முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். அது நல்லதா, கெட்டதா என்பதைப் பட்டிமன்றத்திற்கு விட்டுவிடுகிறோம். விளையாடுவதென்று தீர்மானித்தபின் கையில் எதைப் பிடிப்பது என்பதே எங்கள் வழக்கு.

தோழியரே, கடையில் நம் கண்ணைக் கவர்வது நிறமும் மினுக்கமும்தான். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். வண்ண விளக்கு எரியும் கன்ட்ரோலர் ஒன்றை ஆசையோடு வாங்கினோம். மூன்றே மாதத்தில், யாரும் தொடாமலே திரையிலுள்ள பொம்மை இடப்பக்கம் நடக்கத் தொடங்கிற்று! குச்சியின் அடியில் உராயும் பாகம் தேய்ந்ததே காரணமாம். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்ஸார் வைத்த குச்சியில் இந்த உராய்வு இல்லை. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டிலேயே அது இருந்தது. இன்று அதைப் புதுமைபோல் விளம்பரம் செய்வது வேடிக்கையன்றோ!

பழைய விளையாட்டுகளுக்கோ குச்சியே வேண்டியதில்லை. 1982இல் நின்டெண்டோவின் குன்பே யோகோய் கையடக்க டாங்கி காங் விளையாட்டுக்கு அமைத்த சிலுவை வடிவப் பொத்தானே போதும். நான்கு திசையும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். மரியோ தாவ வேண்டிய இடத்தில் தாவுவார். மெல்லச் சாய்த்தால் நடந்து, முழுதும் சாய்த்தால் ஓடும் முப்பரிமாண விளையாட்டுகளுக்குத்தான் குச்சி அவசியம்.

கையின் அளவையும் பார்க்க வேண்டும். 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் பூதாகாரமானது. ஜப்பானியருக்கென்று சிறியதொன்று செய்தார்கள். பின்னர் மற்ற நாடுகளிலும் அதுவே பெரியதன் இடத்தைப் பிடித்தது. சிறிய கைக்காகச் செய்தது பெரிய கைக்கும் பிடித்துப்போயிற்று!

எங்களில் ஒருத்திக்கு வலக்கை விரல்கள் மடங்கா. சனிக்கிழமைதோறும் அவள் வேடிக்கை பார்ப்பவளாகவே அமர்ந்திருந்தாள். எங்களுக்கு அது உறைக்கவே வெகுநாளாயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். 2018இல் மைக்ரோசாஃப்ட் இத்தகையோருக்கென்றே ஒரு கன்ட்ரோலர் வெளியிட்டது. 2 பெரிய பொத்தான்கள். பின்புறம் 19 துளைகள். காலால் மிதிக்கும் விசையைக்கூட அவற்றில் சொருகலாம். சிறந்தது எது என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். அதற்காக உண்டியல் வைத்திருக்கிறோம்.

அதுவரை ஒரே கன்ட்ரோலரை இருவர் பிடிக்கிறோம். இடக் குச்சி அவளுக்கு, பொத்தான்கள் எங்களில் ஒருத்திக்கு. சென்ற வாரம் பொம்மை பள்ளத்தில் விழுந்தது யாரால் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.